அஞ்சலட்டையில் ஓவியம் அனுப்பிய ஆசான் நந்தலால் போஸ்

அஞ்சலட்டை என்பது மிக எளிய பொருள். கெட்டித்தாளில் ஒரு துண்டு. ஒரு பக்கத்தில் முகவரி, மறுபக்கத்தில் செய்தி. அதற்கு உறையில்லை, ஆகவே ஒளிவும் இல்லை. 1869ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளில் ஆஸ்திரிய-ஹங்கேரி நாட்டில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த இவ்வட்டை, பத்தாண்டுகள் கழித்து, 1879ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில் இந்தியாவில் அறிமுகமாயிற்று. விலை கால் அணா. ஏழை உழவனும் வாங்கக்கூடிய விலையாதலால் ஊர்தோறும் பரவியது.

இத்துணை மலிவான அட்டையின் வெற்றிடத்தில் மையும் வண்ணமும் கொண்டு ஓவியம் தீட்டி, அதனை நண்பர்க்கும் மாணவர்க்கும் சிறுவர்க்கும் அஞ்சலில் சேர்த்துவிடும் வழக்கமுடைய பெருங்கலைஞர் ஒருவர் இருந்தார். அவர்தாம் நந்தலால் போஸ். இந்திய நாட்டு அரசியலமைப்புச் சட்டத்தின் கையெழுத்து மூலப்படிக்கு அணி செய்ததும் அவர் கையே. அப்பெருமகனாரின் வரலாற்றை நம் மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோர்க்கும் தோட்டத்துப் பெருமக்களுக்கும் இம்மலர் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம். போஸ் என்றதும் நம் பெரியவர்களுக்கு நேதாஜியின் நினைவே முந்திக்கொண்டு வரும். குடும்பப் பெயர் ஒன்றாயினும் அவர் வேறு, இவர் வேறு. ஆயினும் இருவரும் ஓரிடத்தில் சந்திக்கின்றனர். அதனைப் பின்னர்க் காண்போம்.

இளமை

நந்தலால் 1882ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் பீகாரில் உள்ள கரக்பூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் பூர்ணச்சந்திர போஸ், தர்பங்கா மன்னருக்குரிய நிலப்பகுதியில் நிருவாகப் பணியாற்றியவர். நம் வழக்கில் சொல்வதாயின், ஓர் எஸ்டேட் அலுவலரின் பிள்ளை. அன்னையார் சேத்திரமணி தேவி பொம்மை செய்வதிலும் கைவேலையிலும் தேர்ந்தவர். மண்ணைப் பிசைந்தும் துணியை மடித்தும் உருவம் படைக்கும் தாயின் விரல்களே சிறுவனுக்கு முதற்பள்ளி. அத்தாயை நந்தலால் இளம்பருவத்திலேயே இழந்தார். ஊரில் குயவரும் சிலை செய்வோரும் வேலை செய்யும் இடங்களில் போய் நின்று பார்ப்பதும், வந்து தாமும் செய்து பார்ப்பதும் அவருக்குப் பொழுதுபோக்காயின.

பதினைந்து வயதளவில் மேற்படிப்புக்காகக் கல்கத்தா சென்றார். பள்ளி இறுதித் தேர்வில் தேறினார். அதன்பின் கல்லூரிப் படிப்பு கைகொடுக்கவில்லை. ஒரு கல்லூரியில் தவறி, மற்றொன்றில் சேர்ந்து, அங்கும் தவறி, இறுதியில் வணிகவியலாவது படிக்கட்டும் என்று குடும்பத்தார் சேர்த்துவிட்டனர். அதுவும் பயனளிக்கவில்லை. பிள்ளை படம் வரைந்து எப்படிப் பிழைப்பான் என்னும் கவலை அக்குடும்பத்தை வாட்டியது. திருமணமும் ஆகிவிட்ட இளைஞர், பட்டமோ இல்லை, கையில் இருப்பது ஒரு கட்டுப் படங்கள் மட்டுமே. பெற்றோராகிய நம்மில் எத்தனை பேர் அந்நிலையில் பொறுமை காத்திருப்போம் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

நந்தலால் தம் படங்களை எடுத்துக்கொண்டு கல்கத்தா அரசினர் ஓவியப் பள்ளியில் ஆசிரியராயிருந்த அவனீந்திரநாத் தாகூரைக் கண்டார். கவியரசர் இரவீந்திரநாத் தாகூரின் உறவினரான அவ்வோவியர், இளைஞரின் கையை ஒருமுறை பார்த்ததும் அடையாளங்கண்டுகொண்டார். 1905ஆம் ஆண்டளவில் அங்குச் சேர்ந்த நந்தலால், ஐந்தாண்டுகள் அவரிடம் பயின்றார். அக்காலத்தில் ஓவியம் கற்பதென்றால் ஐரோப்பியப் படங்களைப் பார்த்துப் படியெடுப்பது என்றே பலரும் கருதினர். அவனீந்திரரும் அப்பள்ளித் தலைவர் ஹேவல் துரையும் நம் நாட்டுக் கோயில்களையும் குகைகளையும் பழஞ்சுவடிகளையும் பாருங்கள் என்று மாணவரைத் திருப்பிவிட்டனர். நந்தலால் வட நாட்டுத் தலங்களையும் தென்னாட்டுக் கோயில்களையும் நேரில் சுற்றிப் பார்த்தார். பின்னர் அஜந்தா குகைகளின் சுவரோவியங்களைப் படியெடுக்கும் பணியில் ஆங்கிலேய அம்மையார் ஹெர்ரிங்காமுக்குத் துணை நின்றார். இருண்ட குகையில் மங்கிய ஓவியத்தைக் கோடு கோடாகப் பின்தொடர்ந்த அப்பயிற்சி, அவருடைய கோட்டுக்கு உறுதியைத் தந்தது.

1917ஆம் ஆண்டில் அறிவியல் மேதை ஜகதீச சந்திர போஸ் கல்கத்தாவில் நிறுவிய ஆய்வுக்கூடத்துக்கும் நந்தலால் ஓவிய அணி செய்தார். அதே ஆண்டில்தான் நம் வட்டாரத் தென்னமரம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது என்பதை மாணவர்கள் நினைவில் கொண்டால் காலக்கணக்கு எளிதில் விளங்கும்.

சாந்திநிகேதனமும் கடற்பயணமும்

கவியரசர் தாகூர் சாந்திநிகேதனத்தில் 1919ஆம் ஆண்டு கலாபவனம் என்னும் ஓவியக் கல்விக்கூடத்தைத் தொடங்கினார். நந்தலால் அதில் இணைந்து, 1922இல் தலைவரானார். 1951இல் ஓய்வு பெறும்வரை அதுவே அவருக்கு உலகம். மாணவர்கள் அவரை மாஸ்டர் மஷாய் என்றழைத்தனர். நம் தோட்டங்களில் வாத்தியார் ஐயா என்போமே, அதே அன்பும் மதிப்பும் கலந்த அழைப்பு அது.

1924ஆம் ஆண்டு தாகூர் சீனாவுக்குப் பயணமானபோது உடன் சென்ற சிறு குழுவில் நந்தலாலும் ஒருவர். கப்பல் இரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் வழியே சென்றது. பினாங்கிலிருந்து சிங்கப்பூர் செல்லும் கப்பல் மலாக்கா நீரிணையில் நம் கோலசிலாங்கூர்க் கரையை ஒட்டிய கடலைக் கடந்தே ஆக வேண்டும். 1907ஆம் ஆண்டு முதல் புக்கிட் மெலாவத்தி குன்றின்மேல் நிற்கும் கலங்கரை விளக்கத்தை நாம் அறிவோம். அந்நாளில் நம் முன்னோர் இக்கரையில் பால்மரம் வெட்டிக்கொண்டிருக்க, அக்கடலில் இப்பெருங்கலைஞர் கடந்து சென்றார் என்று எண்ணும்போது நமக்கு ஒரு தனி நெருக்கம் தோன்றுகிறது. அப்பயணத்தில் சீனத்தையும் ஜப்பானையும் கண்டு திரும்பினார். அதற்கு முன்னரே, 1916இல் இந்தியா வந்து தங்கிய ஜப்பானிய ஓவியர் அராய் கம்போவின் வாயிலாகத் தூரிகையும் கருமையும் கொண்டு சில கோடுகளிலேயே ஓர் உருவத்தை நிறுத்தும் முறையை அவர் அறிந்திருந்தார். சிறிய அட்டையில் பெரிய உலகத்தை அடக்க அம்முறை அவருக்கு உதவியது.

சிறுவர்களுக்கு அவர் செய்த தொண்டு தனியே சொல்லத்தக்கது. வங்கமொழி பயிலும் குழந்தைகளுக்காகத் தாகூர் எழுதி 1930இல் வெளிவந்த சகஜ் பாட் என்னும் தொடக்கப் பாடநூலுக்கு நந்தலாலே படம் அமைத்தார். அகரம் கற்கும் பிள்ளையின் கண்ணுக்கு நாட்டின் தலைசிறந்த ஓவியர் படம் தர வேண்டுமா என்று அவர் எண்ணவில்லை. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற திரைப்பட இயக்குநரான சத்யஜித் ராய், சிறுவனாக இருந்தபோது தம் வரைபுத்தகத்தில் அவர் படம் போட்டுத் தந்ததை நினைவுகூர்ந்துள்ளார். நந்தலால் அதில் விலங்குகளை வரைந்தார். ஒரு புலியும் வரைந்து அதன் வால்நுனியை மட்டும் கருப்பாக்கினார். சிறுவன் காரணம் கேட்க, அந்தப் புலி பேராசை கொண்டு இறைச்சி திருட ஒரு வீட்டின் அடுக்களையில் நுழைந்ததாகவும், அப்போது அடுப்பில் பட்டு வால் கருகிவிட்டதாகவும் விளக்கம் தந்தார். அந்தச் சிறுவனே 1940இல் கலாபவனத்தில் அவருடைய மாணவரானார்.

அட்டையும் மையும்

இனி நம் கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். நந்தலால் வெளியே செல்லுங்கால் வெற்றட்டைகளை உடன் வைத்திருப்பார். வழியில் கண்ட மாடு, மரநிழல், சுமை தூக்கிச் செல்லும் சந்தால் பழங்குடிப் பெண், மலைச்சரிவு, கடற்கரைப் படகு என எது கண்ணில் பட்டாலும் அதனை அவ்வட்டையில் பதித்துவிடுவார். பெரும்பாலும் கருமையும் தூரிகையும். சில வேளைகளில் மெல்லிய வண்ணப் பூச்சு. ஓரிரு வரி எழுதி, முகவரி எழுதி அஞ்சலில் சேர்த்துவிடுவார். வெளியூர் சென்றுவிட்ட மாணவன் ஓவியத்தில் ஐயம் கேட்டு எழுதினால், விடையும் சில நேரங்களில் படமாகவே செல்லும். மரம் எவ்வாறு நிற்கிறது, கிளை எங்கே திரும்புகிறது என்று நூறு சொல்லால் விளக்குவதை நான்கு கோட்டால் விளக்கிவிடலாம் அல்லவா?

இதில் நம்மை வியக்க வைப்பது, அவ்வோவியங்களை அவர் தம்மிடம் வைத்துக்கொள்ளாமைதான். அஞ்சற் பெட்டிக்குள் இட்ட பின் அது பிறர் உடைமை. வழியில் மழையில் நனையலாம். முத்திரைக்காரர் படத்தின்மேலேயே முத்திரை குத்தலாம். பெறுபவர் அடுப்படியில் செருகி வைக்கலாம். விற்றால் பொருள் தரும் படத்தை இவ்வாறு காற்றில் விடுவது சிலருக்கு வீண்செயலாகத் தோன்றும். அவர் அவ்வாறு கருதவில்லை. கண்காட்சிக்குச் சென்று படம் காண முடியாதவரின் வாசலுக்கு, அஞ்சற்காரரின் கையால், அந்தப் படமே நடந்து சென்றது.

கடிதத்தில் படம் வரையும் பழக்கம் அவருக்கு மட்டும் உரியதன்று. ஹாலந்து நாட்டு ஓவியர் வின்சென்ட் வான்கோ தம்பி தியோவுக்கு எழுதிய கடிதங்களில் தாம் தீட்டும் படங்களின் சிறுவடிவை வரைந்து அனுப்பினார். அமெரிக்காவில் ரே ஜான்சன் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டு, படமும் ஒட்டுவேலையும் நிறைந்த கடிதங்களை அஞ்சலில் விட்டு, பெறுபவர் அதில் தாமும் சேர்த்து வேறொருவருக்கு அனுப்புமாறு ஒரு வழக்கத்தையே தோற்றுவித்தார். உறையையும் அஞ்சல்தலையையும் வண்ணத்தையும் கொண்டு செய்யும் இவ்வேலை இன்று அஞ்சற்கலை என்று பெயர் பெற்று உலகெங்கும் நடைபெறுகிறது. ஆயினும் நந்தலாலின் அட்டைகளில் விளையாட்டினும் அன்பே மிகுதி என்பது எம் கருத்து.

கடிதம் என்பது நம் தோட்டங்களில் என்னவாக இருந்தது என்பதை மூத்தோர் அறிவர். ஊரிலிருந்து வந்த கடிதம் முதலில் தோட்ட ஆபீசுக்கு வரும். கிராணியார் பெயர் சொல்லி அழைத்துத் தருவார். வாங்கியவருக்குப் படிக்கத் தெரியாவிடில் வேறொருவரைத் தேடிச் செல்ல வேண்டும். தாயின் உடல்நலமும் தங்கையின் கல்யாணமும் நிலத்தின் அடமானமும் முதலில் இன்னொருவர் வாயில் நுழைந்து, பிறகே உரியவரின் காதில் விழும். விடை எழுதவும் அதே நிலை. மனத்தில் உள்ளதைப் பிறர் முன்னிலையில் எப்படிச் சொல்வது என்று விழுங்கிவிட்டவர் எத்தனையோ பேர். அத்தகைய ஒரு பாட்டியின் கையில், அவர் பிறந்த ஊரின் ஆலமரமும் கிணற்றடியும் வரைந்த ஓர் அட்டை வந்திருந்தால், அதனைப் படித்துக் காட்ட யாரையும் அவர் நாடியிருக்க வேண்டியதில்லை. எழுத்தறியாதவரும் தாமே படித்துக்கொள்ளும் கடிதம் ஒன்று உண்டெனில் அது படம் வரைந்த கடிதமே.

அரிப்புராவும் அரசியல் சட்டமும்

காந்தியடிகள் நந்தலாலை நாட்டுப்பணிக்கு அழைத்தார். 1930ஆம் ஆண்டு உப்பு எடுக்கத் தண்டிக்கு நடந்த அடிகளை, கையில் கோலுடன் நடக்கும் வடிவில் கருப்பு வெள்ளை அச்சுப்படமாக நந்தலால் செதுக்கினார்; அப்படத்தை அறியாதார் இலர். 1936 டிசம்பரில் பைஸ்பூர் என்னும் சிற்றூரில் காங்கிரசு மாநாடு கூடியபோது, மூங்கிலும் கீற்றும் போன்ற உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டே மாநாட்டு நகரை அழகுபடுத்தினார்.

1938 பிப்ரவரியில் குஜராத்தின் அரிப்புரா சிற்றூரில் அடுத்த பெரும்பணி. அம்மாநாட்டின் தலைவர் சுபாஷ் சந்திர போஸ். இரு போஸ்களும் சந்திக்கும் இடம் என்று முன்னர்க் குறித்தது இதுவே. வழியில் நடந்து செல்லும் குடியானவன் நின்று பார்க்கத்தக்க படங்கள் வேண்டும் என்பது காந்தியடிகளின் விருப்பம். நந்தலால் கையால் செய்த தாளில், மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் எடுத்த நிறங்களைக் குழைத்து, தாமே எண்பதுக்கும் மேற்பட்ட படங்களைத் தீட்டினார். மாணவர்கள் படியெடுக்க அவை நானூறு அளவுக்குப் பெருகின. அரசரும் அரசியரும் அப்படங்களில் இல்லை. பறை கொட்டுபவன், செருப்புத் தைப்பவன், தையற்காரன், நெல் குற்றும் பெண், பால் கறப்பவள் ஆகியோரே இருந்தனர். உழைப்பாளி தன் உருவையே தோரண வாயிலில் கண்டான். ஐந்தாண்டுகள் கழித்து, 1943இல், அம்மாநாட்டுத் தலைவரே இம்மலாயா மண்ணில் வந்து நின்றதும், பால்மரக் காட்டிலிருந்து ஆணும் பெண்ணும் அவர் படையில் சேர்ந்ததும் நாம் அறிந்த வரலாறு.

இந்தியா விடுதலை பெற்றதும் அரசியலமைப்புச் சட்டத்தை அச்சிடுவதற்கு முன் கையால் எழுதி வைப்பதென முடிவாயிற்று. பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா என்னும் எழுத்துக் கலைஞர் ஆங்கிலப் படியை எழுத, நந்தலாலும் அவருடைய மாணவர்களும் பக்கங்களுக்கு அணி செய்தனர். சிந்துவெளி முத்திரை முதல் விடுதலைப் போர் வரை நாட்டின் வரலாறு அப்பக்கங்களில் படமாக நடக்கிறது. தமிழராகிய நமக்கு உவகை தருவன இரண்டு: மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பமும் நடராசர் திருவுருவும் அங்கு இடம் பெற்றுள்ளன. இந்நாட்டவராகிய நமக்கு மூன்றாவதும் உண்டு. நாட்டுக்கு வெளியே நின்று போராடிய நேதாஜிக்கும் ஒரு படம் உண்டு. 1950 ஜனவரி 24ஆம் நாள் 284 உறுப்பினர்கள் அதில் கையெழுத்திட்டனர். அந்நூலுக்குப் பயன்பட்ட அதே தூரிகைதான் மறுநாள் கால் முழ அட்டை ஒன்றில் ஓர் ஆட்டுக்குட்டியை வரையவும் பயன்பட்டிருக்கும்.

அவருடைய மாணவருள் ஒருவரைக் குறிப்பிடாமல் இருத்தல் முறையன்று. கேரளத்துக் கூத்துப்பறம்பில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் 1924இல் பிறந்த கே. ஜி. சுப்பிரமணியன், சென்னையில் கல்லூரியில் பயின்றபோது விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். 1944இல் கலாபவனம் சேர்ந்து நந்தலாலிடம் கற்றார். பெரும் ஓவியரான பின்னும் குழந்தைகளுக்குப் பட நூல்களும் பொம்மைகளும் செய்துகொண்டே இருந்தார், 2016இல் மறைந்தார். ஆசானின் குணம் மாணவரிடம் இறங்கியதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

நம் மாணவர்க்கு

படித்து முடித்ததும் நீங்களும் ஓர் உறை செய்து பார்க்க விரும்புவீர்கள். மளிகைக் கடைப் பழுப்புத்தாளே போதும். உறையின் முன்பக்கத்தில் வலப்பக்க மேல்மூலையை அஞ்சல்தலைக்கும் முத்திரைக்கும் விட்டுவிடுங்கள். முகவரியைத் தெளிவாக எழுதி, அதைச் சுற்றி விரலகலம் வெற்றிடம் விடுங்கள். அழகிய படம் முகவரியை விழுங்கிவிட்டால் கடிதம் ஊர்போய்ச் சேராது. நீர் வண்ணம் மழையில் கரையும். மெழுகு வண்ணக்கோலோ, காய்ந்தபின் கரையாத கருமையோ நன்று. பயன்படுத்திய பழைய அஞ்சல்தலைகளை நீரில் ஊறவைத்துப் பிரித்துக் காயவைத்து, பின்பக்கத்தில் ஒட்டி உருவம் செய்யலாம். 1971ஆம் ஆண்டு வெளிவந்த நம் நாட்டு வண்ணத்துப்பூச்சி அஞ்சல்தலைகள் வீட்டில் யாரிடமேனும் இருந்தால், அவற்றை வெட்டிவிடாதீர்கள், பார்த்து வரையுங்கள். முன்பக்கத்தில் பழைய தலைகளை ஒட்டுவது கூடாது, அஞ்சலகத்தாரைக் குழப்பும். முத்திரை பட்ட தலையை மீண்டும் கட்டணமாக ஒட்டுவது குற்றம்.

முதல் உறையை யாருக்கு அனுப்புவது என்று கேட்கிறீர்களா? படிக்கத் தெரியாத உங்கள் உறவினர் ஒருவருக்கு அனுப்புங்கள். வேலைக்காகக் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ சென்றுவிட்ட அண்ணனுக்கு, வீட்டு முற்றத்துக் கறிவேப்பிலைச் செடியை வரைந்து அனுப்பினாலும் நன்றே. பெற்றோர் ஓர் அஞ்சல்தலைக்குக் காசு தர மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

நந்தலாலுக்கு 1954இல் இந்திய அரசு பத்ம விபூஷண் விருதளித்தது. ஓய்வுக்குப் பின்னரும் அவர் கை ஓயவில்லை. பெரிய சுவர்களை விட்டு, சிறு தாள்களில் கருமையால் மட்டும் வரைந்துகொண்டிருந்தார். 1966ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் காலமானார். அவருடைய படங்கள் நாட்டின் கலைச்செல்வமென 1976இல் இந்திய அரசால் அறிவிக்கப்பட்டன. புதுதில்லியில் உள்ள தேசிய நவீன ஓவியக்கூடத்தில் அவர் படைப்புகள் ஆறாயிரத்துக்கும் மேல் உள்ளன. அஞ்சலில் சென்ற அட்டைகளுள் பல பெற்றவர் வீடுகளிலேயே தங்கிவிட்டன.

அவர் மறைந்த ஓராண்டு நிறைவில், 1967 ஏப்ரல் 16ஆம் நாள், இந்திய அஞ்சல் துறை அவருடைய உருவத்தையும் அவர் தீட்டிய கருடனையும் தாங்கிய 15 காசு அஞ்சல்தலையை வெளியிட்டது. அந்நாள்களில் ஊரிலிருந்து நம் தோட்டங்களுக்குக் கடிதம் வந்துகொண்டுதான் இருந்தது. உங்கள் தாத்தா பாட்டியின் தகரப் பெட்டியில் அக்காலத்துக் கடிதக்கட்டு இன்னும் இருக்குமாயின், அவர்களிடம் கேட்டு எடுத்து, உறைகளின் வலப்பக்க மேல்மூலையைப் பாருங்கள்.